துணி அளவு மாற்றித் தரப்படும்

பெரியக்கா ஊசியில் நூல் கோத்தபடியே தோளில் இடுக்கிய போனில் யாரிடமோ மல்லுக்கு நிற்கிறார். நூல் நான்காவது முறையாகத் தப்புகிறது. "ஆமாங்க, பேன்ட்ல ஒரு கால் குட்டைதான். அதுக்கு என்ன இப்போ? கொண்டாங்க, இன்னொண்ணையும் குட்டையாக்கிடறேன்."

முப்பது வருடம் செவிலியராக இருந்தவர். கட்டுப் போட்டால் ஒரு பிசிறு தெரியாது. துணி தைத்தால் மாட்டுவண்டி போன தடம்.

இந்த வம்பை விலைக்கு வாங்கியவர் அவரேதான். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அவரும் இரண்டு தோழிகளும் தொடங்கிய உதவி மையம், ஆறு வருடம் அவர் வீட்டுப் பின்னறையில் இரண்டு நாற்காலிகளோடு ஓடியது. வளர்ந்ததும் கடைத்தெருவில் மாடி பிடித்தார்கள். பிடித்த ஜோரில், உள்ளே என்ன நடக்கிறது என்று தெருக்கோடி வரை தெரியும்படி ஒரு விளக்குப் பலகை! இரண்டு மாதம் ஈ காக்கை ஏறவில்லை. அதன் கீழே நுழைபவளைத் தெருவே திரும்பிப் பார்க்கும் என்பது மூன்று மண்டைக்கும் எட்டவில்லை.

பலகையை 'துணி அளவு மாற்றித் தரப்படும்' என்று மாற்றியது பெரியக்கா. "துணிப்பையோட ஏறி வர்றவளை எவன் கேக்கப்போறான்?" பெண்கள் வரத் தொடங்கினார்கள். நிஜமாகவே பேன்ட்டைத் தூக்கிக்கொண்டும் சிலர் வந்தார்கள்.

"ஒரு டெய்லரை வெச்சுக்கலாம்க்கா," என்று மையத்தின் செயலாளர் கெஞ்சினார்.

"வெச்சா நல்லா தைப்பாங்க. அப்புறம் கூட்டம் அம்மும். நான் தைச்சாத்தான் ஒரே தடவையோட ஓடுவாங்க."

நேற்று ஒரு பெண் வந்தாள். மூன்று முறை பாதிப் படியில் நின்று திரும்பிப் போனவள். பெரியக்கா பார்த்திருக்கிறார், கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் அந்தப் பாதிப் படியும் போய்விடும். நேற்று மேலேயே வந்து, பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"தொளதொளன்னு இருக்கு."

பழக்க தோஷம், பெரியக்கா அளவு நாடாவோடு எழுந்துவிட்டார். அவள் சட்டென்று பின்வாங்கினாள். முதுகு கதவில் முட்டியது. கை பிடியைத் தேடியது. இப்போது போனால் இனி வரமாட்டாள்.

பெரியக்கா நாடாவை மேசைமேல் அவள் பக்கம் தள்ளினார். "எனக்கு அளவெடுக்கவே வராதும்மா. நீயே எடுத்துச் சொல்லு, எழுதிக்கிறேன்." நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு, நோட்டோடு உட்கார்ந்தார்.

முதுகுக்குப் பின்னால் நாடா சரசரத்தது; பிறகு குரல் வந்தது. "தோள் பதினாலு."

எழுதினார்.

"கை..."

அதன் பிறகு அவள் சொன்னது அளவு அல்ல. பெரியக்கா திரும்பவில்லை. பென்சிலை மட்டும் சத்தமில்லாமல் மடியில் வைத்தார்.