பின் சீட்டுக்கு ஏற்ற ஸ்பிரிங்

அறுபதுகளில் நாங்கள் செம்பூரில் குடியிருந்தபோது என் கணவருக்கு ஒரே பைத்தியம்: கார். வாரம் முழுக்க ஃபோர்ட்டில் ஆபீஸ், கழுத்தில் டை. ஞாயிற்றுக்கிழமையானால் காருக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரியும். ஜூஹு ஓடுபாதையில் கார்களை இரண்டிரண்டாக நிறுத்தி நேர்கோட்டில் கால் மைல் ஓடவிடுவார்கள். அதில் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்று மனிதர் தவியாய்த் தவித்தார்.

குறை எஞ்சினில் இல்லை. கொடி அசைந்து கிளட்சை விட்டதும் பின் அச்சு முறுக்கிக்கொள்ளும். சக்கரங்கள் தரையைப் பிடிக்காமல் தத்தித் தத்திக் குதிக்கும். அதற்குள் பக்கத்துக் கார் போயே போய்விடும். பின் ஸ்பிரிங்கை மாற்றினால்தான் விமோசனம். சுருள் ஸ்பிரிங் போடுவதென்றால் அடிப்பாகத்தையே வெட்டி ஒட்ட வேண்டும். அது வேண்டாமென்று, இருந்த ஸ்பிரிங் பட்டைகளோடு இன்னும் இரண்டு பட்டைகளைச் சேர்த்து இறுக்கினார். குதிப்பது அடியோடு நின்றது. இந்தத் தடவை கப் நமக்குத்தான் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்போது எனக்கு ஆறாம் மாதம். அதற்கு முன் ஒன்று தங்காமல் போயிருந்தது. உடம்பு குலுங்கவே கூடாது என்று மாதுங்கா டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவரிடம் போவதும் வருவதும் இந்தக் காரில்தான். எங்களிடம் வேறு வண்டி ஏது?

பட்டைகளைச் சேர்த்த மறுநாள் காலையில் என் வெண்கலப் பானையைக் காணோம். தேடிக்கொண்டு கீழே போனால், இவர் சயான் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார். பானையில் தளும்பத் தளும்பத் தண்ணீர் நிரப்பி, பின் சீட்டில் நான் உட்காரும் இடத்தில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். இப்போது பாதிகூட மிச்சமில்லை, சீட்டெல்லாம் வெள்ளம். என்ன கூத்து இது என்று கத்தினேன். அவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து அந்த இரண்டு பட்டைகளையும் கழற்ற ஆரம்பித்தார். பட்டை கூடியதில் ஸ்பிரிங் விறைத்து, பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போட்டிருக்கிறது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. இப்படியும் ஒரு மனிதரா என்று மலைத்துப் போனேன்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. பழைய பட்டைகளின் முன்பாதியை மட்டும் கிளாம்ப் போட்டு இறுக்கி, பின்பாதியைத் தளர்வாக விட்டார். முறுக்கைத் தடுப்பது முன்பாதி, பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது பின்பாதி என்று எனக்குப் பாடம் நடந்தது. பானை மறுபடி சயான் போய் வந்தது. ஒரு டம்ளர் சிந்தியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் சக்கரம் கொஞ்சம் குதித்தது. பரவாயில்லை என்றுவிட்டார்.

பந்தயத்தன்று அதே பின் சீட்டில் உட்கார்ந்துதான் ஜூஹு போனேன். ஓரமாகக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவராகத் தோற்கடித்துக்கொண்டு வந்தவர், கடைசி ஓட்டத்தில் தாதர் பார்சிக்காரர் ஒருவரிடம் ஒரு பானெட் நீளத்தில் தோற்றார். அவருக்குக் கை கொடுத்துவிட்டு, வேர்த்து வழிய என்னிடம் வந்தார். எனக்குத்தான் ஆறவில்லை.

"அந்த ரெண்டு பட்டையும் இருந்திருந்தா ஜெயிச்சிருப்பேளே" என்றேன்.

"ஜெயிச்சிருப்பேன்தான். அப்புறம் உன்னை எதுலே ஆத்துக்கு அழைச்சுண்டு போறது?" என்று சொல்லிப் பின் கதவைத் திறந்தார்.

ஏறி உட்கார்ந்தேன். அழுகை வந்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று மறைக்கவில்லை.