லேப்டாப்புக்குக் காட்டிய சாம்பிராணி

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது, என் கடைசி மகளின் பெண். பிறந்த நாற்பதாம் நாளிலிருந்து என் கையில்தான் வளர்ந்தாள். இப்போது பதினாறு வயது. ஐந்து பேரில் ஒருவரையும் நான் பிறர் வாசலில் நிற்க விட்டதில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை.

மலேசியாவில், கிள்ளான் நகரில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில், மகள், பேத்தி, நான் என்று மூன்று பேர் இருக்கிறோம். மகள் ஷா ஆலமில் உள்ள ஒரு கம்பெனிக்குத் தொழிற்சாலைக் கட்டடங்களை வரைந்து கொடுக்கிறாள். காகிதத்தில் இல்லை, கம்ப்யூட்டரில். தூண், உத்தரம், குழாய் எல்லாம் நிஜத்தில் நிற்பது போலவே நிற்கும். கையை லேசாக அசைத்தால் கட்டடமே திரும்பி முதுகைக் காட்டும். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், ஆனால் மெஷின் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று கம்பெனியில் சொன்னார்கள். நான் என் இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்து அந்த லேப்டாப்பை வாங்கினேன். பில்லில் என் பெயர்தான் இருக்கிறது. வீட்டில் அதற்குப் பெயரே பாட்டி மெஷின்.

சாதாரண லேப்டாப் இல்லை அது. விற்றவர் வொர்க்ஸ்டேஷன் என்றார். பெரிய பெரிய படங்களை வரையும் ஆட்களுக்கென்றே செய்ததாம். தூக்கினால் குழவிக்கல்லைத் தூக்குவது போல இருக்கும். சார்ஜரே ஒரு செங்கல் அளவு. உள்ளே இரண்டு காற்றாடி. அதைச் சாமி மாடத்துக்குக் கீழே இருந்த மேசையில் வைத்தோம். பிளக்கும் இன்டர்நெட் பெட்டியும் அங்கேதான் இருந்தன. சாமிக்குக் கீழே இருப்பதும் நல்லதுதான் என்று நான் சொன்னேன்.

எனக்கு மெஷினைத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில் முப்பது வருடம் ஆபீஸ்களைச் சுத்தம் செய்தவள் நான். கம்ப்யூட்டர் மேசையில் ஈரத்துணி படக்கூடாது, வயரை இழுக்கக்கூடாது, எல்லாம் தெரியும். பாட்டி மெஷினைத் தினமும் காய்ந்த துணியால் துடைப்பேன். அதன்மேல் ஒரு பொட்டுத் தூசி இருந்ததில்லை.

என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். வெள்ளிக்கிழமை வீட்டுக்குச் சாம்பிராணி போட்டதும் தூபக்காலைக் கீழே எடுத்துக்கொண்டு போய், லோரியின் மூடியைத் திறந்து இஞ்சினுக்கும் காட்டுவேன். மற்ற டிரைவர் வீடுகளிலும் அப்படித்தான். எது சோறு போடுகிறதோ அதற்குக் காட்ட வேண்டும். இருபது வருடத்தில் அந்த லோரி ஒருநாளும் வழியில் நின்றதில்லை. அவர் போய்விட்டார், லோரியும் போய்விட்டது. இப்போது சோறு போடுவது லேப்டாப். அதனால் அதற்குக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் குளிக்கப் போகிற நேரத்தில் காட்டுவேன். அவள் வேலையைப் பாதியில் விட்டுப் போவாள், மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். தூபக்காலை மேசை ஓரத்தில் வைத்தால், மேலே போக வேண்டிய புகை வளைந்து மெஷினின் அடிப்பக்கம் போகும். நான் விசிறவில்லை, ஊதவில்லை. அதுவாக இழுத்துக்கொள்ளும். லோரி இஞ்சின் ஒருநாளும் இப்படி இழுத்ததில்லை. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஏற்றுக்கொள்கிறது என்று நினைத்தேன். பிறகு செவ்வாய்க்கிழமையும் காட்ட ஆரம்பித்தேன். ஆயுத பூசைக்குச் சந்தனம் குழைத்து மூடியில் பொட்டு வைத்து, ஒரு கை விபூதியும் தூவினேன். விபூதியையும் இழுத்துக்கொண்டது.

இரண்டாவது வருடம் சத்தம் மாறியது. குக்கர் விசில் அடிக்கும் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி ஒரு சத்தம். விசில் வராது, அந்தப் பிடிப்பு மட்டும் மணிக்கணக்கில் போகும். மகள் திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் எண் ஒன்றை வரவைத்தாள். எண்பதைத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்றாள். எனக்கு எண் வாசிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். அரிசி கழுவிக்கொண்டே எட்டிப் பார்ப்பேன். எண்பத்தெட்டு. காய் நறுக்கிவிட்டு வந்து பார்த்தால் தொண்ணூற்று மூன்று.

மகள் என்னென்னவோ செய்தாள். பால்மாவு டின் மூடிகள் நான்கை அடியில் வைத்து மெஷினை உயர்த்தினாள். டேபிள் பேனைத் திருப்பி வைத்தாள். வேறு பிளக்கில் மாட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றினாள். இரண்டு நாள் நன்றாக ஓடும். பிறகு எண் பழையபடி ஏறும். நானும் என்னால் முடிந்ததைச் செய்தேன். சாம்பிராணியைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன்.

ஒருநாள் துடைக்கும்போது மெஷின் ஆடியது. ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை எழும்பியது, அடி உப்பிய சட்டி போல. மகளிடம் சொன்னேன். மேசை கோணலாக இருக்கும் என்றாள். மேசையை எனக்குத் தெரியும். அவள் போன பிறகு மெஷினை எடுத்துத் தரைக்கல்லில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் ஆடியது. அடியில் கை வைத்தேன். நடுவில் புடைத்துக்கொண்டு சூடாக இருந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிறு மாதிரி. ஒரு தடவை சொல்லிக் கேட்காதவளிடம் மறு தடவை ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். என் குணம் அப்படி.

அடுத்த புதன்கிழமை, ஐந்து மணிக்குள் ஷா ஆலமுக்குப் போக வேண்டிய வரைபடம் ஒன்று. மூன்று மணிக்கு மெஷின் பட்டென்று அணைந்தது. திரும்பப் போட்டால் எரியும், அணையும், எரியும், அணையும். அன்றைய வேலை முழுவதும் போயிற்று. கம்பெனியிலிருந்து போன் வந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்றார்களாம். மகள் போனை வைத்துவிட்டு மறுபடியும் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, ஏன் இப்படி ஆகிறது என்று கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். மெஷினைக் கொஞ்சம் ஆறவிட்டு, உள்ளே தேடினாள். ஒரு விளையாட்டு அகப்பட்டது.

பேத்தியைக் கூப்பிட்டாள்.

“நீ கேம் போட்டியா இதுல?”

“ஒரே ஒரு தடவ ம்மா. ஸ்கூல் லீவுல.”

“ஒரு தடவ போட்டதுக்கா இப்படிக் கொதிக்குது?”

“ஒரு தடவதான் லா ம்மா. சத்தியமா.”

“வேல போனா நாளைக்குச் சோத்துக்கு உன் சத்தியத்ததான் திங்கணும்.”

பேத்தி அழவில்லை. என் பக்கம் பார்த்தாள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அப்போது எனக்கும் ஒன்றும் தெரியாது. பிள்ளை செய்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். அது வரைக்கும் என்மேல் குற்றம் இல்லை.

சனிக்கிழமை மூன்று பேரும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம். ரிப்பேர் கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. கார் நிறுத்த இடமே இல்லை. மகள் என்னையும் மெஷினையும் இறக்கிவிட்டு, பேத்தியோடு சுற்றிக்கொண்டே இருப்பதாகச் சொன்னாள். முப்பது வருடம் நடந்த தெரு. நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடையில் இருந்தவர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். முப்பது வயது இருக்கும். மகள் வேலை செய்யும் மெஷின் என்று சொல்லிக் கொடுத்தேன். அடித்தகட்டைக் கழற்றியவர், கையை அப்படியே எடுத்துக்கொண்டார்.

“நல்லவேள கொண்டாந்தீங்கம்மா. பேட்டரி ஊதிருச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா தீப்புடிச்சிருக்கும்.”

வெள்ளிக் காகிதம் சுற்றிய தலையணை மாதிரி இருந்தது அது. குழந்தையை எடுப்பது போல அதை எடுத்து, பின்வாசலுக்கு வெளியே மணல் வாளியில் வைத்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் அந்த மேசைக்கு மூன்றடி தள்ளித்தான் பேத்தி பாய் போட்டுப் படுப்பாள். அதை நினைத்ததும் நாற்காலி கேட்டு உட்கார்ந்தேன்.

பிறகு அவர் காற்றாடியைக் கழற்றினார். அதற்குப் பின்னால் இருந்து இடுக்கியால் ஒன்றை இழுத்தார். பழுப்பாக, கம்பளித் துண்டு போல, முழுதாக உரிந்து வந்தது.

“வீட்ட கூட்டவே மாட்டீங்களாம்மா?” என்று சிரித்தார்.

“முப்பது வருசம் இதே தெருவுல கூட்டித்தான் நாலு பேர ஆளாக்குனேன், தம்பி.”

சிரிப்பை நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்டார். அந்தத் துண்டை மூக்கருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். பிறகு என் பக்கம் நீட்டினார். நீட்ட வேண்டிய அவசியமே இல்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கே வாசனை வந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை, பொறுமையாகச் சொன்னார். புகையில் ஒரு பிசுக்கு இருக்கிறதாம். அது உள்ளே ஒட்டிக்கொள்கிறதாம். அதன்மேல் சாம்பலும் விபூதியும் படிந்து காற்று போகும் வழியை அடைத்துவிடுமாம். சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று பேட்டரியை ஊத வைக்கிறதாம். நான் ஒரு விஷயம்தான் கேட்டேன். விளையாட்டு போட்டால் இப்படி ஆகுமா?

“கேமா? இந்த மெஷினுக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்லம்மா. மககிட்ட சொல்லிருங்க, இனிமே இது பக்கத்துல சாம்பிராணி வேணாம்னு.”

சொல்லிவிடுகிறேன் என்றேன். புது பேட்டரி வர நாளாகும், அதுவரை பிளக்கில் மாட்டியே ஓட்டலாம் என்றார். சுத்தம் செய்தது, பேட்டரி எடுத்தது என்று மட்டும் ரசீதில் எழுதிக் கொடுத்தார். மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். பேட்டரி இல்லாமல் கனம் குறைந்திருக்க வேண்டும். எனக்குக் கூடியது போல இருந்தது.

காரில் மகள் ஓட்டினாள், நான் பக்கத்தில், பேத்தி பின்னால். கிள்ளான் போகும் பெரிய சாலையில் ஏறிய பிறகு மகள் கேட்டாள்.

“என்னம்மா சொன்னான்?”

“பேட்டரி ஊதிருச்சாம். சூட்டுனால.”

“சூடு எதனால? கேம் போட்டதுனாலயா?”

சாம்பிராணி என்ற வார்த்தை என் தொண்டை வரை வந்தது. என் வீட்டுச் சுத்தமும், வளையலும், பில்லில் இருந்த பெயரும் அதற்கு முன்னால் வந்து நின்றுகொண்டன.

“இருக்கும்,” என்றேன்.

தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் பேத்தியின் நெற்றி மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு வீடு வரும்வரை நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மெஷின் சத்தம் போடவில்லை. எண் ஐம்பத்தெட்டு, அறுபது, அதற்கு மேல் போவதே இல்லை. சத்தமாக இருந்தபோது இல்லாத பயம் அந்த அமைதியில் எனக்கு வந்தது. மகள் பேத்திக்குக் கட்டளை போட்டாள். தான் வீட்டில் இல்லாத நேரத்தில் மேசை பக்கம் போகக்கூடாது. எதற்கு வம்பு என்று பேத்தி புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளி நடையில் போய் உட்கார்ந்தாள். மூன்று வாரம் அப்படியே போனது. மகள் ஒருநாள் அந்த எண்ணைக் காட்டிச் சொன்னாள்.

“பாத்தியாம்மா? அவ கை படல, சூடே இல்ல.”

நான் சாம்பிராணியை நிறுத்திவிட்டதை அவள் வேறு விதமாகக் கவனித்தாள். வெள்ளிக்கிழமையும் வாசனை இல்லையே என்று கேட்டாள். கரி தீர்ந்துபோனது, பாசாரில் நல்ல கரி இல்லை என்றேன். அடுத்த நாளே ஒரு பை கரி வாங்கிக்கொண்டு வந்தாள். அதை அடுப்புக்கடியில் தள்ளி வைத்தேன்.

பேத்தி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். கிளிப்பை எடுத்துத் தந்துகொண்டே கேட்டாள்.

“பாட்டி, நீங்க இருக்கும்னு சொன்னீங்களே. நெஜமாவே அந்த ஆளு அப்படிச் சொன்னாரா?”

வெயில் ஏறுகிறது, உள்ளே போ என்றேன். போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. பசியில்லை என்பாள், பிறகு தானே போட்டுக்கொண்டு சாப்பிடுவாள். பொய் சொல்கிற பிள்ளைக்கு வீட்டில் இடம் கொடுத்தால் இன்னும் கெட்டுப்போவாள், பரீட்சை முடியும்வரை டெங்கிலில் என் மூத்த மகள் வீட்டில் இருக்கட்டும், பள்ளிக்கூடத்தையும் அங்கேயே மாற்றிவிடலாம் என்று மகள் முடிவு செய்தாள். மூத்த மருமகன் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கார் கொண்டு வருவதாகச் சொன்னார்.

வாய் திறந்து சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை மகள் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு தடவை, குழம்பில் உப்பு சரியா என்று கேட்டுவிட்டு வந்தேன். மற்ற இரண்டு தடவையும் அதுகூட இல்லை. வாயால் சொன்னால் பாதியில் எதையாவது மாற்றிவிடுவேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அதனால்தான் பேத்தியின் பழைய நோட்டில் வியாழக்கிழமையிலிருந்து இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்த எழுத்து. கோணலாக இருக்கும், ஆனால் எழுதியதை என்னால் விழுங்க முடியாது.

இன்று ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்று ஆகிறது. பேத்தியின் பை கதவோரம் இருக்கிறது. மகள் மேசை முன்னால் இருக்கிறாள். பேத்திக்கு உண்மை தெரிந்த பிறகு, அவள் டெங்கிலுக்குப் போக மாட்டாள், ஆனால் என்னிடமும் திரும்பி வராமல் போகலாம். அதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் கேட்க மாட்டேன்.

கண்ணு, பை அப்படியே இருக்கட்டும். இங்கே வந்து பாட்டி பக்கத்தில் உட்கார். இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டு. உனக்குள்ளே வாசிக்காதே. உன் அம்மாவுக்குக் கேட்க வேண்டும்.