பத்து நிமிட நடையில் ஒரு சுற்றுலா

என் கணவர் என்னிடம் பெரிதாக எதுவும் கேட்டவர் இல்லை. கேட்ட ஒன்றும் ஒரு டம்ளர் சாயா சம்பந்தப்பட்டது. காலை நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் எந்த வேலையும் இல்லாமல், ஒரு சாயா குடிக்க வேண்டும். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அது ஒரு நாள்கூட நடக்கவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கு அதுகூடவா முடியாது என்பார்கள். எங்களுக்கு முடியவில்லை.

அவருக்கு மட்டாஞ்சேரி பஜாரில், மிளகும் சுக்கும் வந்திறங்குகிற குடோனில் சுமை தூக்கும் வேலை. விடிவதற்குள் லாரி வந்து நிற்கும் என்பதால் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார். நான் பக்கத்தில் ஒரு ஹோம்ஸ்டேயில் வேலை பார்க்கிறேன். கெஸ்டுகள் கண் விழிக்கும்போது சாயாவோடு நான் கதவைத் தட்ட வேண்டும். பிறகு படுக்கை மாற்றுவது, குளியலறை கழுவுவது, துவைப்பது. அவருடைய சாயா தெருவோரத் தட்டுக்கடையில் நின்றபடி. என்னுடையது ஹோம்ஸ்டே அடுக்களையில் நின்றபடி. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. எனக்கோ அன்றைக்குத்தான் வீடு நிறைய கெஸ்ட்.

எங்களுக்கும் சுற்றுலா உண்டு. பள்ளிக்கூட லீவு விட்டதும் மட்டாஞ்சேரி படகுத்துறையில் சர்க்கார் படகு ஏறி எறணாகுளம் போவோம். வெலிங்டன் தீவைச் சுற்றிக்கொண்டு படகு போகும்போது அவர் எங்கள் மகளுக்குக் கப்பல்களைக் காட்டுவார். எந்தக் கப்பல் எந்த நாட்டுடையது என்று அவராகவே ஒன்று சொல்வார். அவர் சொல்கிற நாட்டுக்குக் கடலே இருக்காது. நான் கட்டிக்கொண்டு போன எலுமிச்சம்பழச் சாதத்தைப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அடுத்த படகிலேயே திரும்பி வருவோம். அங்கேயும் நான்தான் பரிமாறுவேன், நான்தான் தூக்குச்சட்டி கழுவுவேன். மகள் எட்டாம் வகுப்பு முடித்த வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள். "எல்லாரும் மூணாறு போறாங்க. நம்ம மட்டும் வருஷா வருஷம் எறணாகுளம். ஒரு ராத்திரிகூட வெளிய தங்கினதில்ல."

மூணாறுக்கு எங்கள் கை எட்டாது. எனக்குக் கோபம் வந்தது, வாயில் வந்ததைச் சொல்லித் திட்டினேன். அவர் திட்டவில்லை. "தங்கலாம்டா. ஒரு நாள் தங்கலாம்" என்றார்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டு மே கடைசியிலேயே பிடித்துக்கொண்டது. வருவதாகச் சொன்ன கெஸ்டுகள் ஒவ்வொருவராக வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஹோம்ஸ்டே சேச்சி, அதாவது என் முதலாளியம்மா, ஒரு நாள் மேல்மாடி அறையைப் பூட்டிக்கொண்டே கேட்டார், சும்மாதானே கிடக்கிறது, நீயும் வீட்டுக்காரரும் மோளும் வந்து இரண்டு ராத்திரி தங்கிக்கொள்ளுங்களேன் என்று. வாடகை என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. தினமும் கூட்டிப் பெருக்குகிற அறைக்கு நானே சுற்றுலா போவதா?

வீட்டில் சொன்னேன். மகள் குதித்தாள். அவர் குதிக்கவில்லை, ஆனால் முகம் மாறியது. "அங்க பால்கனி உண்டுன்னு சொல்வியே. காயல் தண்ணியப் பார்த்துக்கிட்டு ரெண்டு நாற்காலி போட்டிருக்கும்னு."

"ஆமா. தினம் நான்தானே துடைக்கிறேன்."

"அப்ப அதுல உக்காந்து ஒரு சாயா குடிக்கலாம், ரெண்டு பேரும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

இரண்டு காலைக்கு மட்டும் தாமதமாக வர மேஸ்திரியிடம் சொல்லி வைத்தார். அந்த ஆள் அதற்கே மூக்கால் அழுதாராம்.

ஒரு பையில் மூன்று பேருக்கும் துணி எடுத்துக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு நடந்து போனோம். மகள் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் டூர் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சேச்சி வாசலில் நின்றிருந்தார். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "நீ இன்னிக்கு கெஸ்டாணு. அடுக்களப் பக்கம் வரக்கூடாது" என்று விரலை ஆட்டினார். மாடிப்படியில் என் கணவர் பாதியில் நின்றுவிட்டார். என்ன என்று கேட்டதற்குச் சுவரில் மாட்டியிருந்த பழைய படங்களைப் பார்ப்பதாகச் சொன்னார். மூட்டை மூட்டையாய்ச் சுமக்கிறவர் பதினாறு படியில் நிற்கிறாரே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் படங்களின் மேல் இருந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் காலை மழை விட்டிருந்தது. சேச்சி பிளாஸ்க்கில் சாயா கொடுத்து அனுப்பியிருந்தார். என் கணவர் பால்கனியில் இரண்டு நாற்காலியையும் ஒட்டிப் போட்டு, இரண்டு டம்ளரிலும் ஊற்றி வைத்துக் கூப்பிட்டார். நான் எழுந்து வரும்போது கீழே மணி அடித்தது. கீழ் அறையில் ஒரு வடநாட்டுத் தம்பதி இருந்தார்கள், அந்த மழையிலும் வந்தவர்கள். அந்த மணி என் காதில் விழுந்தால் என் கால் என் பேச்சைக் கேட்காது. சேச்சிக்கு முட்டு வலி வேறு. "இதோ, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிக் கீழே ஓடினேன். சேச்சி திட்டினார். திட்டை வாங்கிக்கொண்டே அப்பம் சுட்டேன், பரிமாறினேன், பாத்திரத்தையும் கழுவினேன். மேலே வந்தபோது அவர் இரண்டு டம்ளரையும் காலி செய்திருந்தார்.

"ஆறிப்போச்சு, அதான் நானே குடிச்சிட்டேன்" என்றார். "நாளைக்கு ஒரு காலை இருக்கே."

அன்றைக்கு முழுக்க அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். குடோனுக்குப் போய்த் திரும்பியதும் மகளும் அவரும் மழையில் நனைந்து கரையோரம் மீன் பிடிக்கிற சீனவலை வரை போய்விட்டு வந்தார்கள். நான் போகவில்லை. அலமாரிக்குப் பின்னால் சிலந்தி வலை கட்டியிருந்தது, தினமும் வேலை செய்யும்போது கண்ணில் படாதது கட்டிலில் படுத்துப் பார்த்தால் தெரிகிறது. அதை அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் அந்தத் துடைப்பத்தாலேயே என்னை அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கே வெளுத்துவிட்டது. மழைக்காலத்தில் எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கெஸ்ட் காலி செய்கிற அன்று விரிப்பை உருவின கையோடு துவைத்துக் காயப் போட வேண்டும். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் அன்றைய வெயில் போய்விடும், துணியில் ஈரவாடை ஏறிவிடும், பிறகு எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. நாங்கள் பதினொரு மணிக்குக் காலி செய்ய வேண்டும். வெயில் இப்போது அடிக்கிறது. தூங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பி உட்கார வைத்து, அவளுக்கு அடியிலிருந்த விரிப்பை உருவினேன். தலையணை உறையை உருவினேன். ஓசியில் தங்கிவிட்டு அழுக்கையும் வைத்துவிட்டுப் போனார்கள் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்ற ரோஷம் வேறு. சேச்சி அப்படிச் சொல்கிறவரே இல்லை.

கொல்லையில் துவைத்துக்கொண்டிருந்தேன். மேலே பால்கனிக் கம்பிக்கு நடுவில் அவர் தலை தெரிந்தது.

"வா, சாயா ஆறுது."

"இதோ, பிழிஞ்சு போட்டுட்டு வந்துட்டேன்."

"அத அப்புறம் பிழியலாம். நீ வா."

"வெயில் போயிருங்க!"

அவர் அதற்கு மேல் கூப்பிடவில்லை. நான் கடைசி விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மேலே போனபோது அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். லாரி வந்துவிட்டதாக மேஸ்திரி போன் செய்திருந்தார். என் டம்ளரை இந்தத் தடவை அவர் குடிக்கவில்லை. அதன் மேலே பாலாடை கட்டியிருந்தது. "நல்லா இருந்துச்சு டூர்" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். என்னிடம் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லி, அதோடு தீர்ந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்துச் சேச்சி கொல்லைக்கு வந்து, கொடியைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். எதற்கு இதெல்லாம் துவைத்தாய் என்றார். பதினொரு மணிக்குக் காலி செய்ய வேண்டுமே என்றேன். அந்த அறைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரை யாருமே இல்லை, நீங்கள் இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கலாம், நான் சொல்லலாம் என்றுதான் இருந்தேன் என்றார். பகல் முழுக்க நல்ல வெயில் அடித்தது.

ஓணம் கழிந்து ஒரு திங்கட்கிழமை, குடோனில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு என்றார்கள். மூச்சு வாங்குகிறது என்று கூட்டாளிகளிடம் நாலைந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். என்னிடம் சொல்ல அவருக்கு எந்த நேரத்தை நான் கொடுத்தேன்? சொல்வதற்குத்தான் அந்த நாற்காலியில் உட்காரக் கூப்பிட்டாரோ என்று கேட்டுக் கேட்டு என் மண்டை வெடிக்கிறது. அப்படி இல்லாமலும் இருக்கலாம். சாயா குடிக்க மட்டுமே கூப்பிட்டிருக்கலாம். அதுதான் இன்னும் வலிக்கிறது.

மகளின் போனில் ஒரு படம் இருக்கிறது. இரண்டாம் நாள் காலை அவருக்குப் பின்னால் நின்று எடுத்தது. அவர் முதுகு, காயல், தூரத்தில் வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்கள், ஒரு காலி நாற்காலி, குட்டி மேஜையில் இரண்டு டம்ளர். கீழே ஓரத்தில் வெள்ளையாக ஒரு விரிப்பின் முனை தெரியும். எங்கள் சுற்றுலாப் படத்தில் நான் இருக்கிற இடம் அதுதான்.

அவரை எடுத்துக்கொண்டு போன மறுநாள் காலை, பழக்கத்தில் ஐந்து மணிக்கு எழுந்துவிட்டேன். துடைப்பத்தை எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து பிடுங்கி வைத்தாள். அடுப்புப் பக்கம் போனேன். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று தடுத்தார்கள். தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொட விடவில்லை. உட்காரு, நீ ஒன்றும் செய்ய வேண்டாம் என்று ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். விடியும் நேரத்தில் சேச்சி முட்டு வலியோடு நடந்து வந்தார். மேல்மாடி அறையின் அதே பிளாஸ்க்கைக் கொண்டு வந்திருந்தார். டம்ளரில் ஊற்றி என் கையில் வைத்து, "குடி மோளே, ஆறிப்போகும்" என்றார்.

கையில் எந்த வேலையும் இல்லாமல், காலை நேரத்தில், உட்கார்ந்து சாயா குடித்தேன். குடித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. யாரும் என்னை எங்கேயும் கூப்பிடவில்லை.