வியட்நாமில் அம்மாவுக்கு இறங்காத இந்தியச் சாப்பாடு

வியட்நாம் போகத் திட்டமிடும் நம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது, "அங்கே நம்ம சாப்பாடு கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்கும். கிடைத்ததால்தான் நான் இவ்வளவு பாடுபட்டேன். கடந்த தை மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு ஹோ சி மின் நகரத்துக்குப் போய், ஐந்து நாள் தங்கிவிட்டு வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அம்மாவை ஒருவேளையாவது வயிறாரச் சாப்பிட வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீடு புதூர்ப் பக்கம். நான் கோவில்பட்டியில் கணினிக் கடை வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு ஆடுதான் தொழில். அறுப்பு முடிந்த காடுகளில் உரத்துக்காகக் கிடை போட்டு, மாதக்கணக்கில் ஆடுகளோடு வெளியிலேயே கிடப்பார். மத்தியானம் அம்மா தூக்குவாளியில் சோறு கொண்டு போவாள். அப்பா வாளியில் சாப்பிடுவார், அம்மா அதன் மூடியில் போட்டுச் சாப்பிடுவாள். போன சித்திரையில் அப்பா இறந்துவிட்டார். ஆடுகளையும் விற்றுவிட்டோம். அன்றிலிருந்து அம்மா இரண்டு கவளத்துக்கு மேல் சாப்பிடுவதில்லை. ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. உடம்பில் கோளாறு இல்லை, வெளியே எங்காவது கூட்டிப் போங்கள் என்றார் டாக்டர்.

எங்கே போவது? வருஷம் திரும்பாத வீடு, கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. பழநி, ராமேஸ்வரம், திருச்செந்தூர் எல்லாம் அடிபட்டுப் போயின. எங்கள் ஊரில் கோயில் இல்லாத சுற்றுலாவை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. அந்தச் சமயம் பார்த்து திருச்சியிலிருந்து போகும் விமானத்தில் மலிவு டிக்கெட் கண்ணில் பட்டது. வியட்நாமுக்குப் போகக் கூடாது என்று எந்தப் பெரிய மனுஷரும் சொல்லி வைக்கவில்லையே. பதிவு செய்துவிட்டேன்.

கோவில்பட்டியிலிருந்து திருச்சி 235 கிலோமீட்டர். காரில் நாலு மணி நேரம் ஆனது. விமானத்தில் நாலரை மணி நேரம். இணையத்தில் எடுக்கும் விசாவுக்கு ஆளுக்கு 25 டாலர். அந்த ஊர்ச் சாப்பாட்டை அம்மா தொட மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவள் மீனும் ஆட்டுக்கறியும் சாப்பிடுகிறவள்தான். ஆனால் எதில் மாட்டுக்கறி கலந்திருக்குமோ என்ற பயத்தில், ஓட்டல்காரன் வைத்த வெறும் தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடித்தாள். ஆகவே இந்திய உணவகங்களையே நம்பினோம்.

முதல் கடை நகரத்தின் நடுவில், விடுதியிலிருந்து 600 மீட்டர். சாப்பாடு 1,80,000 டாங், நம் காசுக்கு அறுநூறு ரூபாய் சொச்சம். சோறு களி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. சாம்பாரில் கேரட் மிதந்தது, போதாததற்குச் சர்க்கரை வேறு. பாயசத்தில் போட வேண்டியதைக் கை தவறிப் போட்டுவிட்டான் என்று நினைத்தேன். இல்லை, பொரியலும் இனித்தது. பரிமாறியவர் நேபாளத்துக்காரர், அவருக்கு இந்தி தெரியும், எனக்குத் தெரியாது. அம்மா சின்னக் கிண்ணத்தில் ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு, தட்டை என் பக்கம் தள்ளினாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். சோறு போட்டவர் மனம் நோகக் கூடாதென்று சொல்கிறாள் என எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது நாள் மேகாங் ஆற்றுப் படகுப் பயணம். மை தோ என்ற ஊர், 70 கிலோமீட்டர், பேருந்தில் இரண்டு மணி நேரம். (ஆறு நல்ல ஆறுதான், போகலாம்.) கரையோரம் ஒருவர் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "எரநூறு உருப்படி இருக்கும், ஒத்த ஆளு மேய்க்கான் பாரு" என்றாள். அந்தப் படகுப் பயணம் முழுக்க அவளாக வாய் திறந்து பேசியது அது ஒன்றுதான். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

மத்தியானம் இரண்டாவது கடையில் இந்தியச் சாப்பாடு, நாமே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அம்மா ஒரு தட்டு நிறையப் போட்டு என்னிடம் கொண்டு வந்து தந்தாள். அடுத்த தட்டைப் பக்கத்து மேசையில் இருந்த குஜராத்திப் பெரியவருக்குக் கொண்டு போய் வைத்தாள். மூன்றாவது தட்டை எடுக்கும்போது மேற்பார்வையாளர் ஓடிவந்து கையைக் காட்டி உட்காரச் சொன்னார். பந்தியில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தான் உட்கார வேண்டும் என்று பழகியவள். அது அவருக்கு எங்கே தெரியும்? அம்மா வந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்று அந்த இரண்டு கவளமும் இல்லை.

மூன்றாவது கடையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முதலாளி தமிழர். முந்தின நாளே தொலைபேசியில் சொல்லி வைத்தேன்: புளிக்குழம்பும் ரசமும் போதும், காசு எவ்வளவானாலும் பரவாயில்லை. வந்தது தக்காளிச் சாஸில் கரைத்த சிவப்புத் தண்ணீர். கேட்டால், இங்கே புளி கிடைப்பது கஷ்டம் சார் என்கிறார். அவர் கடைக்கு வரும் சாலையில் வரிசையாகப் புளியமரம் நிற்கிறது! நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சும்மா கெட ஐயா, வா போவோம்" என்றாள். வாசலிலேயே நின்று மூன்று கடைக்கும் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டேன். மீதி நாட்கள் வாழைப்பழமும் ரொட்டியுமாகக் கழிந்தன. திரும்பும்போது அம்மாவின் ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சின்ன மின்சாரக் குக்கரும் இரண்டு கிலோ அரிசியும் கொண்டு போங்கள். புளிக்காய்ச்சலைக் கைப்பையில் வைக்காமல் பெட்டிக்குள் போடுங்கள். தயிர் எல்லாக் கடையிலும் இனிப்பாக இருக்கும், இனிப்பில்லாதது என்று கேட்டு வாங்குங்கள். படகுப் பயணம் காலையில் நல்லது.

திருச்சியில் இறங்கியதும், வழியில் மதுரையில் சாப்பிடுவோமா என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்றாள். கார் ஓட்டிய தம்பி என்னிடம் மெதுவாக, "அவிய வீட்டுக்குப் போயித் தன் கையால பொங்கிச் சாப்பிடட்டும் அண்ணாச்சி, எல்லாம் சரியாப் போவும்" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அஞ்சு நாள் பட்டினி, சொந்த அடுப்பு, இனி என்ன?

வீட்டுக்கு வந்ததும் அம்மா குளித்துவிட்டு உலை வைத்தாள். கத்திரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு. அந்த வாசனைக்கே எனக்குக் கண் கலங்கியது. எனக்குப் போட்டாள், மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு தனக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு கவளம். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்துவிட்டாள்.

"எம்மா, இது நம்ம வீட்டுச் சோறுதானம்மா" என்றேன்.

"அந்தக் கடைக்காரவியள ஏசாத ஐயா. அவிய சோத்துல ஒரு குத்தமும் இல்ல. எனக்கு எங்கனயும் எறங்க மாட்டேங்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

மூன்று கடைகளுக்கும் போட்டிருந்த நட்சத்திரத்தை அழித்துவிட்டேன். அடுத்து அவளை எங்கே கூட்டிப்போவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது கீழே எழுதுங்கள்.