திருவிழா வாசலில் நான்கு தாழிகள்

தாம்பரத்தைத் தாண்டாமல் சென்னையிலிருந்து தெற்கே யாரும் போக முடியாது. ஆனால் தாம்பரத்தில் யாரும் இறங்க மாட்டார்கள். எங்கள் வட்டார வியாபாரிகள் சங்கத்தின் எல்லாக் கூட்டங்களும் இந்த ஒரே துக்கத்தில்தான் தொடங்கும். பொங்கலுக்கு முந்தின வாரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் பஸ்ஸாக ஜனம் ஊருக்குப் போகும். "எல்லாப் பயலும் நம்ம கடை போர்டைப் படிச்சிக்கிட்டே போறான், ஒருத்தனும் எறங்க மாட்டேங்கானே" என்று தலைவர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

தலைவர் பாத்திரக் கடை அண்ணாச்சி. செயலாளர் பேக் கடை பாய். எங்கள் சங்கத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் புழக்கத்தில் கிடையாது, கடைதான் பெயர். நான் ஜெராக்ஸ். அதாவது ஜெராக்ஸ் கடைக்காரர் மகள், கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு. கூட்டம் என்றால் அப்பாவுக்குத் தூக்கம் வரும், எனக்கு உற்சாகம் வரும். அதனால் அவருடைய நாற்காலியில் நான் உட்கார ஆரம்பித்தேன். கேமரா போன் புதிதாக வந்திருந்த சமயம் அது. எதைப் பார்த்தாலும் இதை ஊருக்குக் காட்டலாமே என்று எனக்குக் கை பரபரக்கும்.

அந்த வருஷம் மார்க்கெட்டை ஒட்டிய மைதானத்தில் மூன்று நாள் பொங்கல் திருவிழா நடத்துவது என்று முடிவாயிற்று. கோலப் போட்டி, உறியடி, ராட்டினம், தள்ளுபடி ஸ்டால்கள். கூடவே ஒரு சுற்றுலா வேன். வண்டலூரில் மிருகங்களைக் காட்டி, மலைக்கோயில் ஏற்றி, ஏரிக்கரையில் டீ கொடுத்துக் கொண்டுவந்து விடும். "இதெல்லாம் எல்லா ஊர்லயும் இருக்கு சார்" என்று நான் எழுந்தேன். கல்லூரியில் எங்களைக் கூட்டிப்போன ஒரு குன்றின் அடிவாரத்தை நான் படம் எடுத்து வைத்திருந்தேன். வட்டமாக நட்ட கற்கள், நடுவில் பள்ளம், பள்ளத்தில் ஒரு பெரிய மண் தாழி. "நம்ம ஊரு எவ்ளோ பழசுன்னு நமக்கே தெரியாது. இதைச் சொல்லுங்க, சனங்க இறங்குவாங்க."

போன் கைமாறிக்கொண்டே போனது. எல்லாரும் பள்ளத்தைப் பார்த்தார்கள். அண்ணாச்சி மட்டும் தாழியைப் பார்த்தார். "இது பானைல்லா? பொங்கலும் பானைதான? வாசல்ல இதே மாதிரி நாலு நிறுத்துவோம். சுத்தி மஞ்சக்கொத்து கட்டுவோம்."

"சார், இது செத்தவங்களை வைக்கிறது."

"அந்தப் பானைல வச்சிருப்பான். நம்மது புதுசும்மா. புதுப் பானைக்கு ஏது தோஷம்?"

பாய் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவர் மடியில் இருந்த மகளும், எதற்கென்று தெரியாமலே, சிரித்தாள். அவளுக்கு ஐந்து வயதிருக்கும். பள்ளி விட்டால் கடைக்கு வந்துவிடுவாள். விற்காத பெரிய சூட்கேஸைத் தரையில் திறந்து போட்டு, அதற்குள் உட்கார்ந்து கலரடித்துக்கொண்டிருப்பாள். "யாரும் மூடிடாதீங்கப்பா, ஆள் கீது உள்ள" என்று பாய் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே பில் போடுவார்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒருவரிடம் படத்தைக் காட்டிச் செய்து வாங்கினோம். டெம்போவிலிருந்து முதல் தாழியை இறக்கிய லோடுமேன் திணறினார். "இன்னாக்கா இது, நிக்கவே மாட்டேங்குது? அடி கூரா கீது!"

"மண்ணுக்குள்ள புதைக்கிறதுக்குச் செய்யறது அண்ணா. அதான் நிக்காது."

"இன்னாத்தப் பொதைக்கிறது?"

"ஆளை."

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "இத மொதல்லயே சொல்லிக்கிறதில்லையா? பேஜார் புடிச்ச வேலையா கீதே" என்று முணுமுணுத்தபடியே மற்ற மூன்றையும் இறக்கினார். நாலு பக்கமும் செங்கல் அடுக்கி, மணல் கொட்டி, தாழிகளைப் பாதி புதைத்து நிறுத்தினோம். வாய் என் இடுப்பளவுக்கு வந்தது. செங்கல் மேல் ஏறினால் ஒரு சின்னக் குழந்தை உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

அண்ணாச்சி வந்து பார்த்ததும் முதலில் கேட்டது, "மூடி எங்க?"

அவர் கடையில் ஒரு பாத்திரமும் மூடியில்லாமல் நிற்காது. ஐம்பது லிட்டர் தவலையானாலும் குழந்தைக்குப் பால் காய்ச்சும் சொம்பானாலும் மூடி இருக்க வேண்டும். வாயைத் திறந்து கிடக்கும் பாத்திரம் கடைக்கு ஆகாது என்பார். மறுநாளே தச்சரைப் பிடித்து ப்ளைவுட்டில் நாலு வட்டம் வெட்டி, அடியில் விளிம்பு வைத்து, செங்காவி அடித்துக் கொண்டுவந்துவிட்டார். பார்ப்பதற்குச் சுட்ட மண் மாதிரியே இருந்தன. ஒவ்வொன்றையும் பொருத்தி, அழுத்தி, விரல் முட்டியால் தாழியின் வயிற்றில் இரண்டு தட்டு தட்டினார். நல்ல பானையா, கீறல் விழுந்ததா என்று தட்டிப் பார்ப்பது அவர் தொழில். ணங், ணங் என்று சுத்தமாகச் சத்தம் வந்தது. "வெங்கலம் தோத்துப்போவும்" என்றார்.

முதல் நாளே குழந்தைகள் கண்டுபிடித்துவிட்டார்கள், மூடியைத் தள்ளிவிட்டு உள்ளே கத்தினால் வேறு குரலில் பதில் வருகிறது என்று. தன் பெயரைக் கத்திய ஒரு பையன், திரும்பி வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டான். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. கூப்பிட்டவருக்குப் பதில் சொல்வது மாதிரி இல்லை அது. உள்ளே இருந்துகொண்டு வெளியே யாரையோ கூப்பிடுவது மாதிரி இருந்தது. ஆனால் நான் அறிவிப்பு மைக்கில் இருந்தேன், ராட்டினத்துக்கு வரிசை நின்றிருந்தது, யோசிக்க நேரமில்லை. அண்ணாச்சி மைதானத்தைச் சுற்றி வரும்போதெல்லாம் வாசலில் நின்று, திறந்து கிடக்கும் தாழிகளை மூடிவிட்டுப் போவார். ஸ்டால்காரரோடு பேசிக்கொண்டேதான் மூடுவார். கைக்கு அது பழக்கம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பாய் தொழுகைக்குப் போய்விட்டு வந்தபோது ஸ்டாலில் மகள் இல்லை. பக்கத்து ஸ்டால் அக்கா, "இங்கதான பாய் உக்காந்துகினு இருந்தா, இப்பத்தான்" என்றார். 'இப்பத்தான்' என்பது எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியவில்லை.

நான் மைக்கில், "பேக் கடை பாய் மகள், பச்சை கவுன் போட்ட பாப்பா, எங்கிருந்தாலும் சங்க ஸ்டாலுக்கு வரவும்" என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாய் வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "அம்மாடி, அத்தா பேசறேன்டா. எங்கடா இருக்கே?" என்றார்.  யாரோ பாட்டை நிறுத்தினார்கள். ராட்டினமும் நின்றது. மேலே தொட்டிகளில் இருந்தவர்கள் அப்படியே தொங்கிக்கொண்டு கீழே பார்த்தார்கள்.

அத்தனை ஜனமும் சத்தமில்லாமல் நின்ற மைதானத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொருவரும் தங்கள் குழந்தையின் கையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். மின்சார ரயில் ஒன்று சானடோரியம் ஸ்டேஷன் பக்கமிருந்து வந்தது. தண்டவாளம் மைதானத்துக்குப் பின்னால்தான். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் வந்திருக்க வேண்டும். நாலைந்து பேர் அந்தப் பக்கம் ஓடினார்கள். பாய் ஓடவில்லை. அவருக்கு அந்தப் பக்கம் பார்க்கவே துணிவில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றார். அவர் மூச்சு ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் அண்ணாச்சியோடு வாசலுக்கு ஓடினேன். வாட்ச்மேனிடம், "பச்ச கவுன் போட்ட பிள்ளை வெளிய போச்சா?" என்று கேட்டுக்கொண்டே அவர் நடந்தார். முதல் தாழியின் மூடி விலகிக் கிடந்தது. அவர் கை தானாக அதை எடுத்தது, பொருத்தப் போனது, நின்றது.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பி மற்ற மூன்று தாழிகளையும் பார்த்தார். மூன்றும் ஒழுங்காக மூடியிருந்தன. 

"ஜெராக்ஸு," என்றார், "கடைசிப் பானைய நான் மூடுனேன்."

"எப்போ சார்?"

அவர் கை கடைசித் தாழியை நோக்கி நீண்டது. அதற்குள் நான் கடைசித் தாழியின் மூடியைத் தூக்கிவிட்டேன். இறுகியிருந்தது. ஐந்து வயதுக் கை உள்ளிருந்து தள்ளித் திறக்கிற மூடியல்ல.

அவள் உள்ளே இருந்தாள். முழங்கால் மார்பில் ஒட்டி, கைகள் முழங்காலைக் கட்டி, தலை சாய்ந்து, கண் மூடி. என் வரலாற்றுப் புத்தகத்தில், தாழிக்குள் புதைத்தவரைக் காட்டும் கோட்டுச் சித்திரம் அது. அதை நான் யாருக்கும் காட்டியதில்லை. அப்புறம்தான் புரிந்தது, யாரும் காட்டத் தேவையில்லை என்று. அந்தத் தாழிக்குள் வேறு எப்படியும் உட்கார முடியாது.

 அண்ணாச்சி குனிந்து அவளுடைய தோளைத் தொட்டார். கண்ணைத் திறந்தாள். வேர்த்திருந்தாள், தூக்கக் கலக்கத்தில் இருந்தாள், வேறொன்றும் இல்லை. பாய் எப்படி அவ்வளவு தூரம் வந்தார் என்று தெரியாது. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அத்தா, யாரோ லைட்டை நிறுத்திட்டாங்க" என்றாள் அவள். "அப்புறம் தட்டினாங்க. நானும் தட்டினேன். மறுபடி தட்டவே இல்ல."

அண்ணாச்சி அங்கே நிற்கவில்லை. மறுநாள் காலை அவர் கடைக்குப் போனேன். ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. அடுக்கி வைத்த குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். "மூடிட்டுத் தட்டுனேன்" என்றார். "திரும்பச் சத்தம் வந்துச்சும்மா, உள்ளேருந்து. எனக்குக் கேட்டுச்சு. ஆகா, எப்படி நின்னு பேசுது பாரு, எந்தச் சூளையில சுட்டானோன்னு சந்தோசப்பட்டுக்கிட்டே போயிட்டேன்."   மேலே பயிற்சி விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டே இருந்தது. அது போகும்வரை இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் கூட்டம் தாங்கவில்லை. குழந்தை தாழிக்குள் கிடைத்த கதை அதற்குள் ஊரைச் சுற்றி வந்திருந்தது. குரோம்பேட்டை, பெருங்களத்தூர், மறைமலை நகர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு வெளியூர் பஸ் நின்றது. நிஜமாகவே நின்றது, அதிலிருந்து ஒரு குடும்பம் இறங்கி வழி கேட்டு வந்தது. "எந்தப் பானைங்க?" என்று வாசலில் கேட்டார்கள். வாட்ச்மேன் கையைக் காட்டினார்.

வரிசை நின்றது. யாரும் சொல்லாமலே நின்றது. ஒரு அம்மா தன் குழந்தையை அக்குளில் பிடித்துக் கடைசித் தாழிக்குள் இறக்கினாள். அப்பா போனை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் குனிடா, தலை தெரியுது." குழந்தை குனிந்தது. அடுத்த குழந்தை. அதற்கடுத்தது. சில குழந்தைகள் சிரித்தன. பெரும்பாலானவை உள்ளே போனதும் பேச்சை நிறுத்திவிட்டன. ஃபேன்சி ஸ்டோர்காரர் அண்ணாச்சியிடம், "தலைவரே, இன்னிக்குத்தான் ஊரே எறங்கியிருக்கு. இப்பப் போய் எதையும் பண்ணிடாதீங்க" என்று காதோரம் சொன்னார்.

மத்தியானம் பாய் வந்தார். மகளைக் கூட்டி வரவில்லை. வரிசையின் பக்கத்தில் நின்று, குழந்தைகள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கி மறைவதைப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை. ஒவ்வொரு தலையும் மறையும்போது அவர் கை தானாக முன்னால் நீண்டு, பிறகு இறங்கியது. அண்ணாச்சி அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணல் கொண்டாங்கப்பா" என்று அண்ணாச்சி சத்தம் போட்டார். "நாலு பானையிலயும் வாய் வரைக்கும் ரொப்புங்க. கரும்பு நடுவோம், தோரணம் கட்டுவோம். போதும் போட்டோ."

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. "இவ்ளோ தூரம் வந்ததுக்கு ஒரு நிமிஷம் விடுங்க சார்" என்றார் பஸ்ஸிலிருந்து இறங்கியவர். அண்ணாச்சி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு ஓரமாக நிறுத்தினார். முதல் கூடை வந்தது. லோடுமேன் அதைத் தாழியின் வாய்க்கு மேல் தூக்கினார்.

பாய் முதல்முறையாக வாய் திறந்தார். "அண்ணாச்சி. உள்ள பாத்துட்டுப் போடச் சொல்லுங்க."

கூடை அந்தரத்தில் நின்றது. அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டினார். முதல் தாழிக்குள் தலையை விட்டார், தோள்வரை போனார், கையால் அடிவரை துழாவினார். அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். பட்டப்பகல், வெயில் நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது, துழாவ வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் துழாவினார். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. கடைசித் தாழியில் அதிக நேரம் இருந்தார். அவர் முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. நிமிர்ந்தபோது நெற்றியில் செம்மண் அப்பியிருந்தது. பாயைப் பார்த்தார். பாய் வந்து, அவரும் ஒருமுறை குனிந்து பார்த்தார்.

"ம்" என்றார் பாய்.

முதல் கூடை மணல் அடியில் விழுந்தபோது பெரிய சத்தம் வந்தது. அடுத்த கூடைக்குக் கொஞ்சம் குறைந்தது. நாலைந்து கூடைக்குப் பிறகு ஒரு சத்தமும் வரவில்லை.