ஒரு விரலுக்கு இரண்டு எழுத்து

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிங்காநல்லூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. விரலைப் பார்க்காமல் அடிக்க வேண்டும் என்பதுதான் அங்கே முதல் பாடம். ஆனால் நானே என் விரல்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். ஒரு எழுத்தை அடித்தால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து இறங்கியது. இரண்டு எழுத்துக் கம்பிகளும் மேலெழும்பி நடுவில் சிக்கிக்கொள்ளும். பிரித்துவிட்டு அடிப்பேன், மறுபடியும் சிக்கும்.

உட்கார்ந்தால் இடுப்பு வலித்தது. நின்றால் முழங்கால். நடந்தால் மட்டும் கொஞ்சம் தேவலை என்பதால் வகுப்பில் மேசைகளுக்கு நடுவே ஓயாமல் நடந்தேன். வீட்டிலும் அப்படித்தான். மில்லில் ஷிஃப்ட் முடித்து வந்து சாப்பிட உட்காரும் கணவர், "ஏனம்மணி, ஒரு எடத்துல உக்காரவே மாட்டியா?" என்பார். உட்காருவேன், அவர் சோறு பிசைவதற்குள் எழுந்துவிடுவேன்.

ஒரு டாக்டர் வாதம் என்றார். இன்னொருவர் டைப் அடித்து வந்த வலி என்றார். இதற்கிடையில் ஃபேனுக்குக் கீழேயும் ஓயாமல் வியர்த்தது, என் செருப்பு ஆறாம் நம்பரிலிருந்து எட்டுக்குப் போயிருந்தது. நடந்து நடந்து பாதம் பரந்துவிட்டது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் ஹையர் பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணொருத்தி, "டீச்சருங்க, ஒருக்கா அடிச்சுக் காட்டுங்க, ஸ்பீட் எப்படி வருதுன்னு பாக்கோணும்" என்று கேட்டாள். மறுக்க முடியவில்லை. அரைப் பக்கத்தில் ஏழு தடவை கம்பிகள் சிக்கின. அவள் குனிந்து அவற்றைப் பிரித்துவிட்டு, "மிசினு சரியில்லீங்க போல" என்றாள். மிஷின் நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கும் அது தெரியும். வேலையை விட்டுவிடுகிறேன் என்று அன்றே கணவரிடம் சொன்னேன்.

அந்த வாரம் கடைவாய்ப் பல் வலித்ததால் பல் டாக்டரிடம் போனோம். அந்த அம்மா என் பல்லை விட்டுவிட்டு முகத்தையே பார்த்தார்.

"கீழ்த்தாடை முன்னால வந்திருக்குதுங்க. பல்லுக்கு நடுவால எடைவெளி விழுந்திருக்குது. எப்பவுமே இப்படித்தானுங்களா?"

"தெரியலீங்க."

"கையை நீட்டுங்க. வெரலெல்லாம் தடிச்சுப்போயிருக்குதுங்களே. பழைய போட்டோ இருந்தா நாளைக்குக் கொண்டாங்க."

மறுநாள் போட்டோ ஒட்டிய என் பழைய பரீட்சை ஹால் டிக்கெட்டை எடுத்துப் போனோம். டாக்டர் அதையும் ஒரு கைக்கண்ணாடியையும் என்னிடம் கொடுத்தார். புருவ எலும்பு, மூக்கு, உதடு, எல்லாமே தடித்துப்போயிருந்தன. தினமும் கண்ணாடி பார்க்கிறவள்தான் நான்.

"வயசாயிட்டுதுன்னு நெனச்சனுங்க" என்றேன்.

"வயசு இல்லீங்க. தலையை ஸ்கேன் எடுக்கோணும்."

மூளைக்கு அடியில் பட்டாணி அளவு சுரப்பி ஒன்று இருக்கிறதாம். அதில் வந்த கட்டி வளர்ச்சி ஹார்மோனை அளவில்லாமல் சுரந்திருக்கிறது. அக்ரோமெகலி என்றார்கள். சோம்பேறித்தனமோ மனப்பிரமையோ இல்லை என்றதும் எனக்கு வந்த நிம்மதியைக் கணவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் பயந்துபோயிருந்தார்.

மூக்கு வழியாகக் கட்டியை எடுத்தார்கள். சில வாரங்களில் ஓயாத வியர்வை நின்றது. விரல்களின் வீக்கமும் வடிந்தது. முழங்காலும் இடுப்பும் பின்னாலேயே சரியாகிவிடும் என்று ஒவ்வொரு காலையும் எழுந்ததும் சோதித்துப் பார்ப்பேன். ஆறு மாதம் கழித்துப் பொறுமை போய்விட்டது.

"மூட்டெல்லாம் எப்பங்க சரியாகும்?" என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டேன்.

"ஹார்மோன் எறங்கிருச்சுங்க. ஆனா மூட்டுல குருத்தெலும்பு தாறுமாறா வளர்ந்து தேஞ்சுபோச்சு. அது பழையபடி ஆகாதுங்க. பயிற்சி செஞ்சா இருக்கற அசைவைக் காப்பாத்திக்கலாம்."

"அப்பறம் எதுக்குங்க ஆபரேசன் பண்ணுனீங்க?"

"உசுருக்குங்க" என்றார். கோபப்படாமல்தான் சொன்னார். எனக்குத்தான் வீடு வரும்வரை கோபம் அடங்கவில்லை.

கணவர் தச்சரைக் கூட்டிக்கொண்டு இன்ஸ்டிடியூட்டுக்குப் போய், ஒரு மேசையின் கால்களை உயர்த்திக் கொடுத்தார். அதன் முன்னால் நின்றுகொண்டே அடிக்கலாம். மறுபடி வேலைக்குப் போனேன். கால் மணி நேரம் நிற்பேன், கால் மணி நேரம் உட்காருவேன், பிறகு நடப்பேன். பழைய வேகத்தில் பாதிதான் வந்தது. கம்பிகள் எப்போதாவதுதான் சிக்கின. குளிர்காலத்தில் முழங்கால் மடங்க மறுக்கும், அப்போது காலைப் பயிற்சி ஒரு மணி நேரம் ஆகும். அதை முடித்துவிட்டு, முதல் பேட்ச் வருவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று வேகவேகமாகப் புடவை கட்டுவேன்.