எவர்சில்வர் ஸ்ட்ரா

என் கணவருக்கு எதையும் கடையில் வாங்கப் பிடிக்காது. தானே செய்ய வேண்டும், செய்ததை நாலு பேருக்குக் காட்ட வேண்டும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இங்கே பர்மாவில், தன்லியின் ஊரில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு, இன்சீனில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மீன் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு வார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் பருமன். வெறும் ஈயம் நூலைக் கறுப்பாக்குகிறது என்று வலைக்காரர்கள் மெழுகு பூசிக் கேட்டார்கள். அதற்கு இவர் ஒரு வழி வைத்திருந்தார். பிஸ்கட் டின் மூடியில் குண்டுகளை வரிசையாக நிற்க வைத்து, பகோடாவில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி ஊற்றுவார். ஆறியதும் எல்லாம் ஒரே பாளமாக இறுகிவிடும். அதிலிருந்து ஒவ்வொரு குண்டையும் மெழுகுச் சட்டை கலையாமல் வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு. கையால் உடைத்தால் மெழுகு பிய்ந்து வரும்.

குண்டின் மேல் கவிழ்த்து அழுத்தி வெட்டியெடுக்க ஒரு குழாய் வேண்டும் என்று மாதக்கணக்கில் அலைந்தார். பேனாக் கூடு, சைக்கிள் பம்பு, என் ஜன்னல் திரைக் கம்பி. ஒன்று இறுக்கம், ஒன்று தொளதொளப்பு. கம்பியை அறுத்ததற்கு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது என் வீட்டுச் சட்டம். கத்திரிக்கோல் காணாமல் போனால்கூடத் தெருவுக்கே கேட்கும். பிறகு ஒரு நாள் கொல்லையில் சத்தம் ஓய்ந்தது. குண்டுகள் மழமழவென்று வந்தன. எதை வைத்து எடுக்கிறார் என்று நான் கேட்கவில்லை. என் சாமான்கள் அதனதன் இடத்தில் இருந்தன, எனக்கு அது போதும்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வயிற்றுவலி வந்தது. ஏழு வயது. சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தெருமுனைக் கடையில் ஜவ்வரிசி போட்ட பானம் குடிப்பது அவள் வழக்கம். கடை ஸ்ட்ரா சுத்தமில்லை என்று நானே அகலமான எவர்சில்வர் ஸ்ட்ரா ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். வந்து அதை எடுத்துக்கொண்டுதான் கடைக்கு ஓடுவாள். ஆக, வலிக்குக் கடைக்காரிதான் காரணம் என்று முடிவு கட்டினேன். பிள்ளையை இழுத்துக்கொண்டு போய், எனக்குத் தெரிந்த பர்மிய வசவை எல்லாம் கடைக்காரி மேல் கொட்டினேன். எந்தச் சாக்கடைத் தண்ணீரில் ஐஸ் செய்கிறாய் என்று கேட்டேன்.

அவள் திருப்பிக் கத்தவில்லை. மகள் கையிலிருந்த ஸ்ட்ராவை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"அமா, உள்ள பாருங்க," என்று அக்கா முறை வைத்துப் பர்மியத்தில் சொன்னாள்.

உட்புறம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மெழுகு. சுரண்டிப் பார்த்தேன். ஈயக் கறுப்பு என் நகத்தில் ஏறியது.

வீட்டில் அவர் குண்டு வார்க்கும் அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ராவை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இதாலதான் எடுக்கறீங்களா?"

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு," என்றார். முகத்தில் பெருமை வேறு. "குச்சிய விட்டுத் தள்ளுனா குண்டு பொத்துனு விழுது. பாப்பா வர்றதுக்குள்ள கழுவி வச்சிருவேன்."

கழுவி வைத்தாராம். பாளத்தை மூடியோடு தூக்கிச் சுவரில் அடித்தேன். அவர் ஏன் என்று கேட்டது என்னை இன்னும் வெறியேற்றியது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈயம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். இனி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மறுபடி சோதிக்க வேண்டும், படிப்பில் பிசகு வருமா என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார். திரும்பும் ரயிலில் வழி நெடுகக் கணவரைத் திட்டினேன்.

"உங்க பாழாப்போன சாமானோட அதையும் போட்டு வச்சிருக்கலாமே. காணோம்னு புதுசு வாங்கியிருப்பேன். எதுக்குத் திரும்பப் புள்ள எடுக்கற எடத்துலயே வச்சீங்க?"

அவர் தலையைத் தூக்கவில்லை.

"நீதானே சொல்லுவ," என்றார். "எடுத்தத எடுத்த எடத்துல வைக்கணும்னு."

எதிர் இருக்கையில் இருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். அவரை அறைய வேண்டும்போல் இருந்தது.

ஸ்ட்ராவைச் சுத்தியலால் நசுக்கி எறிந்துவிட்டேன். ஈய வேலையும் நின்றது. என் கோபம் நிற்கவில்லை. கடைக்காரி எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் மகளுக்கு இப்போதும் பானம் தருகிறாள். மகள் வீட்டு டம்ளரில் வாங்கி வந்து, அடியில் தங்கும் ஜவ்வரிசியை விரலால் வழித்துத் தின்கிறாள். பிறகு டம்ளரைக் கழுவி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, நான் ஏதாவது நல்லதாகச் சொல்வேன் என்று என் முகத்தைப் பார்க்கிறாள்.